கைப்பிடி உடைந்தது, மிச்சம் தப்பியதா? இரட்டை வெடிமருந்து விழுந்த ஒரு பிஸ்டலின் ஆய்வு

உடைந்து போனது கைப்பிடி. அதனால் எல்லார் பார்வையும் கைப்பிடி மேலேயே நின்றது. "பிளாஸ்டிக் துப்பாக்கி என்றால் இப்படித்தான் ஆகும்" என்று ஒரு பேச்சு. "கைப்பிடியைக் கழற்றி வேறு மாட்டினால் துப்பாக்கி மறுபடி புதுசு" என்று இன்னொரு பேச்சு. இரண்டையும் நான் ஏற்கவில்லை. முதல் பேச்சு வெறும் தவறான எண்ணம். இரண்டாவது பேச்சு ஒருவர் கையையோ கண்ணையோ பறிக்கக்கூடியது. அதற்காகவே இந்த நிகழ்வை முழுதாக எழுதிவைக்கிறேன்.

நடந்தது

புதுச்சேரியில் எங்கள் தெருவில் ஒரு சொல்தா குடும்பம் இருக்கிறது. பிரெஞ்சு ராணுவத்தில் சர்வீஸ் முடித்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அவருடைய மகன் பிரான்சில் லியோன் நகரத்துப் பக்கம் வேலை பார்க்கிறான். அங்கே உரிமம் வாங்கி, ஒரு சுடும் கிளப்பில் சேர்ந்து, 9 மி.மீ. பிஸ்டலில் 25 மீட்டர் இலக்குச் சுடுவது அவனுக்குப் பிடித்த விளையாட்டு. தோட்டா விலை அதிகம் என்பதால், சுட்டுப் போட்ட பித்தளை உறைகளைப் பொறுக்கி வைத்து, வீட்டில் ஒரு கைப்பிரஸ்ஸில் புதிய பிரைமரும் (குத்தினால் தீப்பொறி தரும் சின்ன மூடி) வெடிமருந்தும் குண்டும் போட்டு மறுபடி தோட்டாவாக்கிக்கொள்கிறான். அந்த நாட்டில் விளையாட்டுச் சுடுநர்கள் பலர் செய்வதுதான்.

கிளப்பில் சுட்டுக்கொண்டிருக்கும்போது, தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினின் நடுவில் இருந்த ஒரு தோட்டா வழக்கத்துக்கு மீறிய சத்தத்தோடு போனது. மேகசின் அடியோடு கழன்று தரையில் விழுந்தது. கைப்பிடியின் பக்கங்கள் உப்பி, மேகசின் பொத்தான் இருக்கும் துளையிலிருந்து கீழ்நோக்கி நீளமாகப் பிளந்தன. பேரலின் (குழலின்) மேலே முன்னும் பின்னும் ஓடும் எஃகுப் பாகமான ஸ்லைடு, பாதி பின்னால் போய் நின்றுவிட்டது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. உள்ளங்கையில் கன்றிப்போன காயம், ஆள்காட்டி விரலில் பித்தளைத் துணுக்குகள் சில. கை பிழைத்தது.

விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, படங்களையும் அங்கே உள்ள துப்பாக்கி மெக்கானிக் எடுத்துக் கொடுத்த அளவுகளையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். பாகங்கள் எதுவும் இங்கே வரவில்லை, வரவும் கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியின் பாகங்களும் ஆயுதம்தான். நான் சேதராப்பட்டில் நைலான் வார்ப்பு வேலையில் இருப்பவன். உடைந்த நைலானைப் பார்த்துக் காரணம் சொல்வது என் அன்றாட வேலை என்பதால்தான் என்னிடம் வந்தான். அவன் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "அண்ணே, கிரிப் மட்டும் மாத்தினா போதும்ல?"

பிஸ்டல் எந்த நிறுவனத்துடையது என்று இங்கே சொல்லப்போவதில்லை. குற்றம் தோட்டாவில் இருக்கிறது. தயாரித்தவர் பெயரை இதில் இழுப்பது நியாயமில்லை. வகையை மட்டும் சொல்கிறேன்.

பிரித்து மாட்டும் பிஸ்டல்

பாலிமர் உடல் கொண்ட பிஸ்டல் புதிதல்ல. ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோஹ் 1970-லேயே விபி70 என்ற பெயரில் ஒன்றைக் கொண்டுவந்தது. 1982-இல் ஆஸ்திரிய ராணுவம் கிளாக் 17-ஐ ஏற்ற பிறகுதான் உலகம் அதை நம்பத் தொடங்கியது. அந்த வகையில் ஸ்லைடு ஓடும் எஃகு ரெயில்கள் நைலானுக்குள்ளேயே வைத்து வார்க்கப்பட்டிருக்கும். உடம்பு ஒன்றுதான், பிரிக்க முடியாது.

அடுத்து வந்தது பிரித்து மாட்டும் வகை. சிக் சாவர் நிறுவனம் 2007-இல் பி250, 2014-இல் பி320 என்று கொண்டுவந்தது. 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் பி320-ஐத் தேர்ந்தெடுத்து எம்17, எம்18 என்று பெயர் வைத்தது. இதில் ரெயில், விரல் இழுக்கும் விசை (டிரிகர்), பிரைமரைக் குத்தும் ஸ்ட்ரைக்கரைப் பிடித்து நிறுத்தும் சியர் என எல்லாமே ஒரு சின்ன எஃகுச் சட்டத்துக்குள் அடங்கிவிடும். வரிசை எண்ணும் அந்தச் சட்டத்தில்தான். நைலான் கைப்பிடி என்பது அதைத் தாங்கும் கூடு மட்டுமே. குறுக்கே போகும் ஒரு நெம்புகோலை உருவினால் சட்டம் கையோடு வந்துவிடும். சின்னக் கைக்குச் சின்னக் கூடு, பெரிய கைக்குப் பெரிய கூடு. விலையும் அதிகமில்லை.

வசதி அருமையானது. ஆனால் "கூடுதானே போச்சு" என்ற எண்ணம் இந்த வசதியிலிருந்துதான் பிறக்கிறது.

அழுத்தம் எந்த வழியில் போகிறது

துப்பாக்கிச் சோதனைக்கு விதி வகுக்கும் சி.ஐ.பி. என்ற பன்னாட்டு அமைப்பின் விதிப்படி 9 மி.மீ. பாராபெல்லம் தோட்டாவின் உச்ச அழுத்தம் 235 மெகாபாஸ்கல். நாம் மூச்சுவிடும் காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 2,300 மடங்கு. விற்பனைக்கு வருமுன் துப்பாக்கியைச் சோதிக்க அதைவிட 30 சதவீதம் கூடுதலாக, அதாவது சுமார் 305 மெகாபாஸ்கல் தரும் சோதனைத் தோட்டாவைச் சுடுவார்கள். பிரான்சில் அந்தச் சோதனைச்சாலை இருப்பது சேன்ட் எத்தியேன் நகரத்தில்.

உறையின் அடிப்பகுதியில் உள்ளே இருக்கும் பரப்பு 60 சதுர மில்லிமீட்டருக்கு அருகில். 235 மெகாபாஸ்கல் அதன்மேல் விழுந்தால் பின்னோக்கித் தள்ளும் விசை சுமார் 1.4 டன். ஒவ்வொரு சாதாரணச் சுடுதலிலும், ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைந்த நேரத்துக்கு, இத்தனை விசையும் வந்து போகிறது. இதில் நைலானுக்குப் பங்கே இல்லை என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். உறை ஸ்லைடின் முகத்தைத் தள்ளும்; ஸ்லைடு, காலி உறையை வெளித்தள்ளும் ஜன்னலின் விளிம்பால் பேரலின் தோளைப் பிடித்து இழுக்கும்; இரண்டும் பூட்டியபடியே ஒன்றாகப் பின்னால் நகரத் தொடங்கும். ஜான் பிரவுனிங் வடிவமைத்த சாய்பேரல் பூட்டின் வழிவந்த ஏற்பாடு இது. எஃகிலிருந்து எஃகுக்குப் போகும் விசையை அந்த இரண்டின் எடையே வாங்கிக்கொள்ளும். குண்டு வெளியேறி, அழுத்தம் இறங்கிய பிறகுதான் ஸ்லைடு பின்னால் வந்து ரெயிலின் கடைசியில் இடிக்கும். அந்த இடியை மட்டுமே கைப்பிடி வாங்குகிறது.

அப்படியானால் நைலான் ஏன் உடைந்தது? பித்தளை விட்டுக்கொடுத்ததால். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த அந்த உறையைச் சுற்றி எல்லா இடத்திலும் எஃகுச் சுவர் இருப்பதில்லை. மேகசினிலிருந்து தோட்டா ஏறி உள்ளே போவதற்காகப் பேரலின் அடியில் ஒரு சரிவு வெட்டியிருப்பார்கள். அந்த இடத்தில் உறையின் அடிப்பகுதி கொஞ்சம் வெறுமையாக நிற்கும். அழுத்தம் எல்லை மீறும்போது பித்தளை அங்கேதான் கிழியும். குக்கரின் சேஃப்டி வால்வு போல, முதலில் போக வேண்டிய பலவீனமான இடம் அது. அதற்குக் கீழே மேகசின் குழி. குழியைச் சுற்றி நைலான் சுவர். சுவரைச் சுற்றி நம் விரல்கள்.

வாயு குழிக்குள் பாய்ந்தது. மேகசின் கீழே பறந்தது. சுவர் உப்பிப் பிளந்தது. இத்தனையும் நைலான் செய்ய வேண்டியதைச் செய்ததற்கான அடையாளம். மேகசின் வெளியேறியதும் வாயுவுக்குப் பெரிய வழி கிடைத்துவிட்டது. கூடு பிளந்ததில் இன்னொரு வழி. இந்தக் கைப்பிடி கூர்மையான சில்லுகளாகச் சிதறவில்லை என்பதைப் படத்தில் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்தது.

நைலான் சொன்ன கதை

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் பாலிமர் என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறார்கள்.

இப்படிப்பட்ட கைப்பிடிகளுக்குக் கண்ணாடி நார் கலந்த நைலான்தான் வழக்கம். நாங்கள் மோட்டார் பாகங்களுக்கும் சுவிட்சுகளுக்கும் வார்க்கும் அதே குடும்பம். 30 சதவீதம் நார் கலந்த நைலான் 66, காய்ந்த நிலையில் 180 மெகாபாஸ்கல் வரை இழுவிசை தாங்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பிறகு அது சுமார் 120-130 ஆகக் குறையும். கேட்டால் நஷ்டம் போலத் தோன்றும். ஆனால் ஈரம் ஏறிய நைலான் வளைந்துகொடுக்கும். எலும்பு போலக் காய்ந்த நைலான் அடித்தால் பட்டென்று போகும். அச்சிலிருந்து அப்போதுதான் எடுத்த நைலான் கொக்கியை மடக்கிப் பார்த்தால் முறியும். அதையே சில நாள் புதுச்சேரிக் காற்றில் போட்டுவைத்து மடக்கினால் தாங்கும். எங்கள் பட்டறையில் வேலைக்குச் சேரும் பையன்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். கடலோர ஈரம் எஃகுக்கு எதிரி, நைலானுக்கு அப்படியல்ல.

லியோனில் குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும். காற்று காய்ந்து கிடக்கும். இருந்தாலும் இவனுடைய கைப்பிடி ரொம்பக் காய்ந்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். விரிசலின் இரண்டு ஓரத்திலும் வெள்ளை பூத்திருந்தது. நைலான் உடையுமுன் இழுபட்டு நீண்டதற்கு அது சாட்சி. மில்லிசெகண்டில் வரும் அடிக்கு எந்த பிளாஸ்டிக்கும் வழக்கத்தைவிட விறைப்பாகத்தான் நடந்துகொள்ளும். அதையும் மீறி இது கொஞ்சம் நீண்டிருக்கிறது.

விரிசல் தொடங்கிய இடமும் பேசியது. மேகசின் பொத்தானுக்கான துளையைச் சுற்றி, உருகிய நைலான் இரண்டாகப் பிரிந்து ஓடி மறுபக்கம் வந்து ஒட்டும். அந்த ஒட்டுக்கோட்டில் கண்ணாடி நார்கள் குறுக்கே பாலம் போடாமல், கோட்டோடு ஒட்டியே படுத்துக்கொள்ளும். துளை உள்ள எந்த வார்ப்பிலும் அதுதான் பலவீனமான இடம். விரிசல் சரியாக அங்கே தொடங்கி, நார்கள் ஓடிய திசையிலேயே கீழே இறங்கியிருந்தது. முறிந்த பரப்பைப் பெரிதாக்கி எடுத்த படத்தில் வெள்ளிக் கோடுகளோ குமிழ்களோ இல்லை. அவை இருந்திருந்தால், வார்ப்பதற்கு முன் குருணையைச் சரியாக உலர்த்தவில்லை என்று சொல்லியிருப்பேன். வார்ப்பில் குறை இல்லை. நல்ல கைப்பிடி, தாங்க முடியாத அடி வாங்கியிருக்கிறது.

ஏன் இரட்டை மருந்து என்கிறேன்

இப்படி வெடிப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஒவ்வொன்றையும் தள்ளிவிட்டுத்தான் இங்கே வர முடியும்.

முந்தைய குண்டு பேரலுக்குள் சிக்கியிருந்து, அதன்மேல் அடுத்தது போய் மோதினால் பேரலில் ஒரு வளையம் போல வீக்கம் தெரியும். இங்கே பேரலின் உட்புறம் ஒரே சீராக இருக்கிறது. இலக்குத் தாளில் துளைகளின் எண்ணிக்கையும் சரியாக இருக்கிறது. ஸ்லைடு முழுதாக மூடாமல் வெடித்திருந்தால், பேரல் இன்னும் தாழ்ந்து நின்றிருக்கும். அப்போது ஸ்ட்ரைக்கரின் குத்து பிரைமரின் மேல் ஓரத்தில் விழும். மீட்டெடுத்த பிரைமரில் குத்து நடுவிலேயே இருக்கிறது. பேரல் தோளில் பூட்டு நசுங்கிய தடமும் முழு அகலத்துக்கு விழுந்திருக்கிறது. ஆக, பூட்டிய பிறகுதான் வெடித்தது.

குண்டு உறைக்குள் பின்வாங்கியதால் அழுத்தம் கூடியிருக்கலாமே என்றால், அதற்கு வாய்ப்பு உண்டு. ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினால் அப்படி ஆகும். ஆனால் இது மேகசினின் நடுவிலிருந்து முதல்முறையாக ஏறிய தோட்டா. மீதமிருந்த தோட்டாக்களின் நீளம் சீராக இருந்தது. குண்டுகள் விரலால் அழுத்தினால் நகரவில்லை.

உறையின் அடி சொன்னதுதான் முக்கியம். அதில் பொறித்திருந்த எழுத்துகள் தட்டையாகிவிட்டன. ஸ்லைடு முகத்தில் உள்ள பள்ளத்துக்குள் பித்தளை வழிந்து, அதே வடிவத்தில் உறைந்திருந்தது. பிரைமர் குழி அகன்று, பிரைமர் கழன்று டிரிகர் பகுதிக்குள் கிடந்தது. உறையைப் பிடித்து இழுக்கும் கொக்கி தெறித்துப் போயிருந்தது. பேரலில் தோட்டா உட்காரும் குண்டறை புதிய அளவைவிடப் பெரிதாகியிருந்தது. பித்தளை மட்டும் பலவீனமாக இருந்திருந்தால் எஃகு வீங்காது.

அவன் பயன்படுத்தியது வேகமாக எரியும், குறைந்த இடம் பிடிக்கும் மருந்து. ஒரு தோட்டாவுக்குக் கால் கிராம் அளவுதான் வேண்டும். அது உறையின் பாதியைக்கூட நிரப்பாது. இன்னொரு முறை விழுந்தாலும் வழியாது. மேலே குண்டு வைத்து அழுத்தினால் உள்ளே இருப்பது தெரியாது. பிரஸ்ஸின் தட்டைக் கையால்தான் திருப்ப வேண்டும். ஒரு தடவை திருப்பாமல் பிரஸ்ஸின் கைப்பிடியை இழுத்தால் போதும், அதே உறைக்குள் மருந்து இரண்டாம் முறை விழும்.

மருந்து இரட்டித்தால் அழுத்தமும் இரட்டிக்கும் என்று நினைக்க வேண்டாம், அதைத் தாண்டிவிடும். மருந்து எரியும் வேகமே சுற்றியுள்ள அழுத்தத்தோடு கூடுகிறது. 1884-இல் புகையில்லா மருந்தை உருவாக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் போல் வியேலின் பெயரில் இந்த விதி வழங்குகிறது. அழுத்தம் ஏற ஏற வேகமாக எரியும், வேகமாக எரிய எரிய அழுத்தம் ஏறும். குண்டு நகர்ந்து இடம் கொடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். சோதனைத் தோட்டாவின் 305 மெகாபாஸ்கல் இதற்கு முன்னால் சின்ன எண்.

மீதித் தோட்டாக்களை நிறுத்துப் பார்த்தானாம். எல்லாம் சரியாக இருந்ததாம். அந்த நிறுவைக்கு மதிப்பில்லை. பல நிறுவனங்களின் உறைகள் கலந்திருக்கும்போது உறைக்கு உறை எடை வித்தியாசமே மருந்தின் எடை அளவுக்கு இருக்கும். ஒவ்வொன்றாகப் பிரித்து, மருந்தை மட்டும் நிறுத்தால்தான் சேதி தெரியும்.

எஃகுச் சட்டத்தின் கதி

இப்போது அவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

எஃகுச் சட்டம் பார்வைக்குப் பழுதில்லை. விசை இழுத்தால் வேலை செய்கிறது. படத்தைப் பார்த்தால் யாரும் "இது பிழைச்சிடுச்சு" என்றுதான் சொல்வார்கள். ஆனால் மெக்கானிக் அதைச் சமதளத் தட்டில் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்திருக்கிறார். இடது முன்பக்க ரெயிலின் கீழே தகடு நுழைகிறது. மற்ற மூன்றிலும் நுழையவில்லை. வாயு கீழிருந்து தள்ளியதில் ரெயில் மேல்நோக்கி வளைந்திருக்கிறது.

முடி அளவு வளைவுதானே என்று விடக்கூடாது. ஸ்ட்ரைக்கர் வகைப் பிஸ்டலில் ஸ்ட்ரைக்கர் ஸ்லைடுக்குள் இருக்கிறது; அதைப் பிடித்து நிறுத்தும் சியர் சட்டத்துக்குள் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று எவ்வளவு ஆழம் பற்றுகின்றன என்பது, ஸ்லைடு ரெயிலில் எந்த உயரத்தில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. அந்தப் பற்றும் ஆழமே சின்ன அளவுதான். ரெயில் தூக்கினால் ஸ்லைடு தூக்கும். ஸ்லைடு தூக்கினால் பற்று குறையும். இன்று வேலை செய்யும் விசை, தேய்மானம் ஏறிய பிறகு, விரல் படாமலேயே விடுபடலாம். புதுக் கைப்பிடி இதை மறைக்கும், சரிசெய்யாது. பழைய வகையில் உடம்பே பிளந்தால், ரெயிலும் அதோடு சேர்ந்து குப்பைக்குப் போகும், ஏமாற வழியில்லை. பிரித்து மாட்டும் வகையில் கெட்டுப்போன பாகத்தை அழகான புதுக் கூட்டுக்குள் வைக்க முடிகிறது. இந்த வடிவமைப்பின் பலம் எதுவோ அதுதான் இந்த இடத்தில் ஆபத்து.

ஸ்லைடிலும், விரிசலுக்குள் சாயத்தைப் புகவிட்டுப் பார்க்கும் சாய ஊடுருவல் சோதனையில் வெளித்தள்ளும் ஜன்னலின் மூலையில் ஒரு சிவப்புக் கோடு எழும்பியது. விரிசல். பேரலைப் பற்றிப் பேசவே வேண்டாம், குண்டறை வீங்கிவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த மாமா, "எங்க மாக் 50 முழு இரும்பு. அதுல இப்படி ஆகுமா?" என்றார், பிரெஞ்சு ராணுவத்தின் பழைய பிஸ்டலைச் சொல்லி. நியாயமான கேள்வி. முழு எஃகுச் சட்டம் இப்படிப் பிளந்திருக்காது. கைப்பிடியின் பக்கப் பலகைகள் தெறித்திருக்கும், மேகசின் பறந்திருக்கும். ஆனால் குண்டறையும் பித்தளையும் அங்கேயும் இதே வேலையைத்தான் செய்யும். எஃகென்றால் உடையாது என்பதும் இல்லை. 1980-களின் இறுதியில் அமெரிக்கப் படைகளின் பெரெட்டா பிஸ்டல்களில் ஸ்லைடே முறிந்து பின்னால் வந்து சுட்டவர் முகத்தில் அடித்தது. தோட்டாவின் அழுத்தமா, எஃகின் தரமா என்று நீண்ட வாதம் நடந்தது. கடைசியில், முறிந்தாலும் ஸ்லைடு பின்னால் பறக்காதபடி சுத்தியலைத் தாங்கும் ஊசியின் தலையைப் பெரிதாக்கினார்கள். மாமா சர்வீஸ் செய்த பிரெஞ்சு ராணுவமே 2020-இல் மாக் 50-க்குப் பதிலாகக் கிளாக் 17-ஐத் தேர்ந்தெடுத்துவிட்டது. அதைச் சொன்னதும் மாமா, "அப்ப சரி, மருந்து போட்டவன் கைதான் தப்பு" என்று மகனைப் பார்த்தார்.

செய்ய வேண்டியது

பேரலும் ஸ்லைடும் குப்பை. வெட்டி அழிக்க வேண்டும். சட்டத்தைத் தயாரிப்பாளருக்கு அனுப்பி, எழுத்தில் பதில் வாங்காமல் தொடக்கூடாது. நிமிர்த்திப் பார்க்கலாமா என்று கேட்டான். வளைந்த ரெயிலை நிமிர்த்தினால் உலோகம் இன்னும் களைக்கும், கூடாது என்றேன். அழுத்தம் தாங்கும் பாகங்களை மாற்றினால், சி.ஐ.பி. நாட்டில் துப்பாக்கி மறுபடி சோதனைச்சாலைக்குப் போய் முத்திரை வாங்க வேண்டும். செலவைக் கூட்டிப் பார்த்தால் புதிது வாங்குவதே மேல்.

மருந்து விஷயத்தில், உறையின் பாதிக்கு மேல் நிரப்பும் பருத்த மருந்துக்கு மாறச் சொன்னேன். அது இரண்டாம் முறை விழுந்தால் வழிந்து மேசையில் கொட்டும், கண்ணுக்குத் தெரியும். குண்டு வைக்குமுன் ஒவ்வொரு உறைக்குள்ளும் வெளிச்சம் அடித்துப் பார்ப்பது, பிரஸ்ஸில் மருந்து மட்டத்தைக் காட்டும் அளவுகோலைப் பொருத்துவது, நடுவில் யாராவது கூப்பிட்டால் தட்டில் இருக்கும் எல்லா உறைகளையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவது. இவை மூன்றும் கட்டாயம்.

அதே தொகுதியில் தயாரித்த மீதித் தோட்டாக்கள் எல்லாவற்றையும் லியோன் திரும்பியதும் பிரித்தான். மருந்தைத் தனித்தனியாக நிறுத்து எனக்கு அனுப்பினான். ஒன்றே ஒன்றில் அளவு கணிசமாகக் குறைவாக இருந்தது, மற்றவை சரி. பிரஸ் நடுவில் தடுமாறியதற்கு அதுவும் ஒரு சாட்சி. சட்டம் தயாரிப்பாளரிடம் போயிருக்கிறது. பதில் வரும்வரை கைப்பிடி வாங்க மாட்டேன் என்று அவனே சொன்னான்.